பேராதனை பக்கத்தில்தான், ஒப்பரேஷன்தான் தூரத்தில்

(கெலிஓயாவில் நடந்த தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், பேர், கொழுந்து நிறுவை, லயத்துக் கூரை, இவற்றைப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்றைக்கு ஒப்பரேஷனைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆஸ்பத்திரிப் பலகையில் அதைச் சத்திரசிகிச்சை என்று எழுதியிருப்பார்கள். "இதில் சங்கத்துக்கு என்ன வேலை, அது டாக்டர்மார் விஷயமல்லவா?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரே மாதத்தில் நான்கு நாள் வரவில்லை. வரவு இடாப்பைக் காட்டி ஏன் என்று கேட்டோம். "அம்மாயியோட கிளினிக் போனேன்" என்றாள். அம்மா ஏன் போகவில்லை? அம்மாவுக்கு மலையில் பேர் போட வேண்டும். அப்பா கொழும்பில் கடை வேலை. வீட்டில் சிங்களம் பேசத் தெரிந்தது அந்த 12 வயதுப் பிள்ளைக்கு மட்டும்தான்.

அம்மாயிக்குக் கருப்பை இறக்கம். ஒன்பது வருஷம் பழைய சேலைத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டே கொழுந்து பறித்திருக்கிறார். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. நிற்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. டாக்டர் சிங்களத்தில் விளக்கமாகத்தான் சொன்னாராம். அந்தப் பிள்ளைக்குக் கருப்பை என்ற சொல்லே தெரியாது. "அம்மாயி, வயித்துக்குள்ள இருக்கிறத எடுக்கப் போறாங்களாம்" என்று சொல்லியிருக்கிறாள். கிழவி பயந்துபோய் அடுத்த திகதிக்குப் போகவேயில்லை.

பிறகு நம் மாதர் சங்கத்து இரண்டு பேர் போய் உட்கார்ந்து, எதை எடுப்பார்கள், எதை எடுக்கமாட்டார்கள், எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று தமிழில் சொன்னார்கள். புதுத் திகதி எடுத்துக் கொடுத்துக் கூடவும் போனார்கள். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு சதம்கூட வாங்கவில்லை. இப்போது அந்த அம்மாயி கோயில் திருவிழாவுக்கு நடந்தே வருகிறார். ஒன்பது வருஷ வேதனையைத் தீர்க்கத் தேவைப்பட்டது தமிழில் நாலு வார்த்தையும் கூடப் போக ஒரு ஆளும்தான். ஒரு பிள்ளையின் படிப்பில் நான்கு நாள் போனதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இது சங்கத்தின் வேலை என்கிறோம்.

தோழர்களே, நாம் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். கெலிஓயாச் சந்தியில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் பேராதனை. அங்கே போதனா வைத்தியசாலை இருக்கிறது, சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது, பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் கண்டி தேசிய வைத்தியசாலை. மறுபக்கம் கம்பளை, அதற்கு மேலே நாவலப்பிட்டி. மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் இருக்கும் நம் சொந்தக்காரர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணத்தை நீக்கியது 1951இல். ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை, படுக்கைக்குக் காசு இல்லை, சோற்றுக்கும் காசு இல்லை.

2015இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழ் அமைத்த உலக ஆணைக்குழு ஒன்று இந்த விஷயத்தை ஆராய்ந்தது. தேவைப்படும் நேரத்தில் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் ஒப்பரேஷன் கிடைக்காத மக்கள் உலகத்தில் 500 கோடிப் பேர் என்று அது சொன்னது. மூன்று ஒப்பரேஷன்களை அளவுகோலாக வைத்தது: பிள்ளைப் பேற்றுக்கான சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்வது, எலும்பு வெளியே தெரியும் முறிவைச் சரிசெய்வது. இவற்றைச் செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச்சேர முடிய வேண்டும் என்றது. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் நாம் தேறிவிடுவோம். ஆனால் வரைபடத்தில் மேல் டிவிஷன் பாதை இல்லை. இரவு பதினொரு மணி மழையில் கம்பளிக்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது அதில் இல்லை. தோட்ட வாகனச் சாரதியைத் தேடி அலைவதும் இல்லை.

அவசரம் இல்லாத ஒப்பரேஷன் ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். ஆண்களில் பலருக்கு வரும் குடலிறக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுக்க வேண்டும். இன்னொரு நாள் சத்திரசிகிச்சைக் கிளினிக். வேறொரு நாள் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். மயக்க மருந்து டாக்டர் பார்ப்பதற்கு ஒரு நாள். பிறகு வாட்டில் அனுமதி. "இன்றைக்கு அவசர கேஸ் வந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள். ஒப்பரேஷன் முடிந்து படுக்கை. கட்டு மாற்ற ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது. துணைக்கு வருபவரின் பேரும் சேர்ந்தே போகிறது. பஸ் காசு, தேத்தண்ணிக் காசு வேறு. நாள் குறைந்தால் மாதச் சம்பளத்தில் எது எது கழியும் என்பது உங்களுக்குத் தெரியும், நாங்கள் சொல்லத் தேவையில்லை. கடைசியில், வேலைக்கு வந்த முதல் நாளே இருபது கிலோவைத் தூக்கு என்பார்கள். தையல் போட்ட இடம் திரும்பவும் பிதுங்கும்.

ஆகவே "தோட்டத்து ஆட்களுக்கு அறிவில்லை, நோய் முற்றிய பிறகுதான் வருவார்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் ஆட்கள் கணக்குத் தெரிந்தவர்கள். கணக்குப் பார்த்துத்தான் தள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை மாற்றுவதுதான் நம் போராட்டம்.

இது இன்றைக்கு வந்த நிலைமையும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1912இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. தோட்டத்தில் ஆள் சுகமில்லாமல் விழுந்தால் துரை பார்க்க வேண்டும் என்றது. கைகால் இல்லாமல் மலை நடக்காது என்பதால் வந்த சட்டம் அது. அன்று தொடங்கி நம் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. மற்ற ஜனங்களுக்கு அரசாங்கத்தின் சுகாதார சேவை. நமக்கு டிஸ்பென்சரியும் ஒரு மருந்துத் தண்ணீரும். 1990களில் தொடங்கித் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்றது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. கண்டிப் பக்கத்துத் தோட்டங்களோ சின்னச் சின்னவை. ஒன்று ஜனவசமவின் கீழ், ஒன்று அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழ், ஒன்று கம்பனியிடம், ஒன்று தனியாரிடம். தோட்டத்தைக் கேட்டால் அரசாங்கம் என்பார்கள், அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டம் என்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு ஒப்பரேஷன் மட்டும் நம் லயத்து வாசலுக்கே வந்தது. இங்கே இருக்கும் வயதான தாய்மாருக்கு அது நினைவிருக்கும். கருத்தடை ஒப்பரேஷன். 1980களில் அதைச் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. அதற்கு லொறி வந்தது, திகதி வந்தது, பெயர்ப்பட்டியல் வந்தது. நாட்டிலேயே அந்த ஒப்பரேஷன் செய்துகொண்ட பெண்களின் விகிதம் தோட்டத்தில்தான் கூடுதல் என்று அரசாங்கத்தின் குடிசன சுகாதார ஆய்வுகளே காட்டின. விருப்பப்பட்டுச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. விளங்காமலே கைநாட்டு வைத்தவர்களும் இருக்கிறார்கள். இதை ஏன் இங்கே சொல்கிறோம்? இரண்டு காரணம். நம் பெண்களுக்கு ஒப்பரேஷன் என்றதும் வரும் பயம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர்மார் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, மனம் வைத்தால் வாகனமும் ஏற்பாடும் தோட்டத்துக்குள் வரும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. கருப்பை இறக்கத்துக்கும் கண் வெண்புரைக்கும் குடலிறக்கத்துக்கும் அந்த வாகனம் ஏன் வரக்கூடாது?

2022ஐயும் மறக்க வேண்டாம். அந்த மார்ச் மாதக் கடைசியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திகதி குறித்த ஒப்பரேஷன்களை நிறுத்த வேண்டி வந்தது. அவசரமானவை மட்டும் நடந்தன. அப்போது இலங்கைக்கு வந்திருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்து, என்ன உதவி செய்யலாம் என்று பார்க்கும்படி தன் தூதுவரிடம் சொன்னார். பிற்பாடு மருந்து வந்தது, ஒப்பரேஷன்கள் தொடங்கின. ஆனால் தள்ளிப் போன திகதியைத் திரும்ப எடுக்கப் போகாமல் விட்டவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பி பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தக் கொப்பியைத் தேடி எடுங்கள்.

நம்மைப் போன்ற ஆட்கள் இதைச் செய்துகாட்டிய இடம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நீலகிரி மலை, கூடலூர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிய நம் மாமன், சித்தப்பாமார் பலர் போய்ச் சேர்ந்த தேயிலைச் சீமை அது. அங்கே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற ஆதிவாசி மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து ஒதுங்கியே இருந்தார்கள். 'அக்கார்ட்' என்ற அமைப்பு 1980களில் முதலில் கட்டடம் கட்டவில்லை. ஊர்ப் பெண்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்கியது. அவர்கள் குடிசை குடிசையாகப் போய்க் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு 1990இல் 'அஸ்வினி' என்ற பெயரில் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி தொடங்கியது. சத்திரசிகிச்சை நிபுணர் நந்தகுமார் மேனன், அவர் மனைவி மகப்பேற்று நிபுணர் ஷைலா தேவி ஆகிய இருவரும் அங்கே வந்து வேலை செய்தார்கள். ஆதிவாசிப் பெண் பிள்ளைகளே தாதிமார் ஆனார்கள். வாட்டுக்குள் போனால் தன் மொழியில் "பயப்படாதே" என்று சொல்ல ஆள் இருந்ததால் ஜனம் வந்தது.

மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இதையே கண்டது. ஒப்பரேஷன் இலவசம் என்று மட்டும் சொன்னபோது எல்லோரும் வரவில்லை. கிராமத்துக்கே போய்க் கண்ணைப் பார்த்து, பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டபோதுதான் வந்தார்கள்.

நம் மலையகத்திலும் டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அது பெரிய காரியம். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தியேட்டர் கேட்பது நியாயமான கோரிக்கை ஆகாது. தியேட்டர் என்றால் மயக்க மருந்து நிபுணர், பயிற்சி பெற்ற தாதிமார், இரத்தம், ஒட்சிசன், நித்தமும் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் ஏற்பாடு, எல்லாம் வேண்டும். அது பேராதனையில் இருக்கட்டும். ஒப்பரேஷனுக்கு முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலும் தோட்ட டிஸ்பென்சரியிலும் நடக்கட்டும். இதுதான் நாம் இன்று கேட்பது.

கோரிக்கைகளை வரிசையாகச் சொல்கிறோம். கையெழுத்து வாங்கும் தாளிலும் இவைதான் இருக்கின்றன.

முதலாவது: மாதத்தில் ஒரு நாளாவது பெரிய ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் நம் பிரதேச வைத்தியசாலைக்கு வந்து பார்க்க வேண்டும். கட்டி கீறுவது, வெட்டுக்காயம் தைப்பது போன்ற சிறு சிகிச்சைகளை அங்கேயே செய்ய வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கும் அங்கேயே எடுத்து அனுப்ப வேண்டும். இதனால் மட்டும் மூன்று நான்கு பேர் மிஞ்சும்.

இரண்டாவது: கட்டு மாற்றுவதும் தையல் பிரிப்பதும் தோட்ட டிஸ்பென்சரியில் நடக்க வேண்டும். அதற்கான சுத்தமான கருவிகளும் கையுறையும் துணியும் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது: கிளினிக் நாளில் தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் வேண்டும். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச மொழி. நாம் சலுகை கேட்கவில்லை. பாடசாலைப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகப் போவதை நாம் நிறுத்த வேண்டும்.

நான்காவது: கிளினிக் கொப்பியில் திகதி இருந்தால் அந்த நாள் வராத நாளாகக் கணக்கில் விழக்கூடாது. ஒப்பரேஷன் முடிந்து வருபவருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் வாரம் முழுதும் பாரமில்லாத வேலை, முழுப் பேர். அரைப் பேர் இல்லை.

ஐந்தாவது: அனுமதி நாளிலும் வீடு திரும்பும் நாளிலும் தோட்ட வாகனம். டிவிஷனுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர். கம்பளியில் தூக்கும் காலம் முடியட்டும்.

இன்னொன்று. கவ்வாத்துக் கத்தி பட்டோ, மலையில் வழுக்கி விழுந்தோ, குளவி கொட்டி ஓடும்போது விழுந்தோ காயம் பட்டால் அது வேலையில் நடந்த விபத்து. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. அன்றைக்கே நிர்வாகத்திடம் பதியச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தது" என்று எழுத விடாதீர்கள்.

இதெல்லாம் மற்றவர்கள் செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

எல்லாத் தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் வைத்திருக்கிறோம். மாதாமாதம் காசு கட்டுகிறோம். ஆள் செத்தால் பெட்டி, பந்தல், சாப்பாடு எதிலும் குறை வைக்கமாட்டோம். அது நம் பெருமை. ஆனால் அதே ஆள் உயிரோடு இருக்கும்போது பேராதனைக்குப் போக 500 ரூபா கைமாற்றுக் கேட்டால் லயம் முழுதும் அலைய வேண்டும். சங்கப் பணத்தில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் துணைக்குப் போகும் ஆளுக்கும் ஒதுக்கலாம் என்று முன்மொழிகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதைப் பேசி முடிவெடுங்கள்.

ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பெண்களைக் கிளினிக் துணையாகத் தெரிந்தெடுப்போம். ஒரு கொப்பி வைப்பார்கள். யாருக்கு எந்தத் திகதி, எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போகிறார்கள் என்று எழுதுவார்கள். பெண்களின் நோயை ஆண்கள் முன் வாசிக்கமாட்டார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் கொப்பி வெறும் கொப்பிதான்.

எதைக் கண்டால் தள்ளிப் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெற்றிலை போடுகிறவர்கள் வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை இருக்கிறதா, மூன்று கிழமையாக ஆறாத புண் இருக்கிறதா, வாய் முன்னைப் போலத் திறக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஆரம்பத்தில் போனால் சிறிய ஒப்பரேஷன், தாமதித்தால் தாடையையே எடுக்க வேண்டி வரலாம். அதைப் பார்க்கும் பல் போதனா வைத்தியசாலை பேராதனையில்தான் இருக்கிறது. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வலி இல்லை என்று விடாதீர்கள். கருப்பை இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புவார். சீனி வியாதிக்காரர் காலில் சிறு காயம் பட்டாலும் டிஸ்பென்சரிக்குப் போகட்டும்.

இவை அவசரம்: தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, குடலிறக்கம் கல்லைப் போல இறுகி உள்ளே போகாமல் வாந்தியும் வருவது. பேதி மருந்து கொடுக்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள், காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பாதையில் தெரியும் அடையாளம் இரண்டையும் சொல்லுங்கள். வண்டி ஏறாத பாதையென்றால் எந்த இடத்துக்கு ஆளைக் கொண்டுவருவது என்று இன்றைக்கே டிவிஷனில் பேசி வையுங்கள்.

தாய்மார்களே, உங்களிடம் கடைசியாக ஒன்று. வேதனையைப் பொறுத்துக்கொள்பவள்தான் நல்ல பெண் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். துணியை மடித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறும் ஒரு தாய் இந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவர் எழுந்து சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் மாதர் சங்கத்து அக்காமார் தேத்தண்ணி மேசைப் பக்கம் நிற்பார்கள். அவர்களிடம் வந்து "எனக்கும் ஒரு திகதி எடுத்துத் தாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கூட வருகிறோம்.

கையெழுத்துத் தாள் இப்போது பின்வரிசையிலிருந்து வருகிறது. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டட்டும். விளங்காமல் யாரும் கைநாட்டு வைக்க வேண்டாம்.

ஒற்றுமையாக நிற்போம்.